இரண்டு கைத் தவிடு

என் மகளை நான் விற்றது ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு. ஜார்ஜ் டவுனில் ஓர் ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில், பதினோராம் கட்டிலுக்கும் பன்னிரண்டாம் கட்டிலுக்கும் நடுவே நின்று விற்றேன். விலை இரண்டு கைத் தவிடு. வாங்கியது பக்கத்துக் கட்டில் ஹாஜரா அக்கா. இந்தப் பேச்சை எடுத்தால் இன்றைக்கும் என் கணவர் சிவநேசன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பிக்கொள்ளட்டும். அன்றைக்கு அங்கே இருந்தது நான், அவர் இல்லை.

தியாஷினிக்கு அப்போது நான்கு வயது. குளிப்பாட்டும்போது அவள் வயிற்றின் இடது பக்கத்தில் என் கைக்கு ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. மலச்சிக்கல் என்றுதான் நினைத்தேன். இரண்டு வாரம் பப்பாளி கொடுத்துக்கொண்டிருந்த மடச்சி நான். கடைசியில், சிறுநீரகத்தில் கட்டி என்றார்கள். உடனே அறுக்க முடியாது, ஆறு வாரம் மருந்து ஏற்றிக் கட்டியைச் சுருக்க வேண்டும், பிறகுதான் அறுவை என்றார்கள். அந்த ஆறு வாரம் எட்டானது. ஒருமுறை ரத்தத்தில் வெள்ளை அணு இறங்கிவிட்டதென்று தேதியை அழித்தார்கள். இன்னொரு முறை காய்ச்சல் என்று அழித்தார்கள். கல்யாணத்துக்குக்கூட யாரும் இத்தனை தடவை நாள் குறித்து மாற்ற மாட்டார்கள்.

வார்டில் தாய்மார்களுக்குப் பெயர் கிடையாது. நர்ஸ் சலேஹா மிஸ்ஸி என்னை 'மக் தியா' என்பார், தியாவின் அம்மா. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊசி குத்தி நரம்பு கிடைக்காமல் மூன்றாம் தடவை குத்த வந்த சின்ன டாக்டரை, உங்கள் அம்மா கையில் பழகிவிட்டு வாருங்கள் என்று மலாயில் சொன்னவள் நான். அதன்பின் என் பக்கம் வரும்போது எல்லோரும் கொஞ்சம் சத்தமில்லாமல்தான் வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே கொடிமலை தெரியும். மழை மேகம் மலையை மூடுவதையும் விலகுவதையும் பார்த்தபடி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என் கணவர் புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் ஷிப்ட் முடித்துக் கடல் பாலத்தைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பிள்ளை தூங்கியிருப்பாள்.

என் வாய்க்குப் பயப்படாதவள் ஹாஜரா அக்கா ஒருத்திதான். அவள் கணவர் கமாலுதீன் டவுனில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை செய்தார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை இத்ரீஸ். ஐந்து வயது, ரத்தத்தில் நோய். எங்களுக்கு முன்பே வந்தவர்கள், மூன்று மாதமாக அங்கே இருந்தார்கள். அவனுக்குப் பேருந்துப் பைத்தியம். கட்டில் கம்பி முழுக்கப் பேருந்து ஸ்டிக்கர் ஒட்டிவைத்து, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று தியாவுக்குச் சொல்லிக்கொடுப்பான். என் பிள்ளை படுத்துக்கொண்டே பாலிக் புலாவ் வரைக்கும் போய்வந்தது அவனால்தான்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய நான்கு நாளும் தியாவுக்கு முப்பத்தொன்பது டிகிரிக்குக் குறையாமல் காய்ச்சல். மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். உதடு வெடித்து, கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தாள். எனக்கு அப்போது என் அப்பா நினைப்பு வந்தது. அப்பாவின் பெயர் பிச்சைமுத்து. அவருக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும் அடுத்த வீட்டுக்காரியிடம் தவிட்டுக்கு விற்று, பிறகு அதே தவிட்டைக் கொடுத்து வாங்கி, பிச்சை என்று பெயர் வைத்துவிட்டார்கள். எமன் வந்து கேட்டால், எங்கள் பிள்ளை இல்லை, தவிட்டுக்கு வாங்கியது என்று சொல்லிவிடலாம். அப்பா எழுபத்தெட்டு வயது வரை இருந்தார். சின்ன வயதில் நாங்கள் சண்டை போட்டால், உன்னைத்தான் தவிட்டுக்கு வாங்கினோம் என்று ஒருவரை ஒருவர் கேலி செய்துகொள்வோம். அந்தக் கேலிக்குப் பின்னால் இருந்த பயம் எனக்கு அந்த வார்டில்தான் புரிந்தது.

ஹாஜரா அக்காவிடம் கேட்டேன். இதெல்லாம் எங்களுக்குக் கூடாது லா என்றாள். பிறகு தியாவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். கையை எடுக்கவில்லை. தவிட்டுக்கு எங்கே போவது என்று நான் விழித்தேன். அவள் லாக்கரைத் திறந்து, இத்ரீஸ் கஞ்சியில் கலக்க சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய ஓட்ஸ் தவிட்டு டப்பாவை எடுத்தாள். என் அப்பாவுக்கு அரிசித் தவிடு, என் மகளுக்கு ஓட்ஸ் தவிடு, காலம் மாறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவள் இரண்டு கை அள்ளி என் நீல மூடி டப்பாவில் போட்டாள். நான் தியாவைத் தூக்கிக் கொடுத்தேன். வாங்கியவள் பிள்ளையோடு தாண்டுவதற்கு வாசல்படி இல்லாததால் கட்டில்களுக்கு நடுவே தொங்கிய திரையைத் தாண்டினாள். பன்னிரண்டாம் கட்டிலில் இத்ரீஸுக்குப் பக்கத்தில் படுக்க வைத்து, ஒரு வாய்க் கஞ்சி ஊட்டினாள். நான்கு நாளாக எதையும் விழுங்காத பிள்ளை விழுங்கினாள்.

இதில் ஒரு முறை உண்டு. விற்ற பிள்ளையை அன்று விளக்கு வைப்பதற்குள் திரும்ப வாங்கிவிட வேண்டும். எனக்கு அது நன்றாகத் தெரியும். மத்தியானமே காய்ச்சல் இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் தியா எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள். ஹாஜரா அக்கா, திரும்ப வாங்கிக்கலையா என்று கேட்டாள். நான் டப்பாவைப் பார்த்தேன், பிள்ளையின் முகத்தைப் பார்த்தேன். நன்றாக இருக்கிறதை ஏன் கலைக்க வேண்டும் என்று தோன்றியது. இரண்டு நாள் போகட்டும் அக்கா என்றேன். எனக்கென்ன, பெண் இல்லாத வீடு என்று சிரித்தாள். இத்ரீஸ் கூப்பிடுவதைக் கேட்டு தியாவும் அவளை 'உம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் அம்மா, அவள் உம்மா. பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டாகப் போயிற்று.

இரண்டு நாளில் வெள்ளை அணு ஏறியது. டாக்டர் நூர் ஃபாத்திஹா முதல்முறையாகச் சிரித்த முகத்தோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை வந்த என் கணவர், லாக்கரில் இருந்த தவிட்டை ஏதோ சத்துமாவு என்று நினைத்து மைலோவில் கரைத்துக் குடித்துவிட்டார். மகளைக் கொடுத்து வாங்கிய பண்டம் தகப்பன் வயிற்றுக்குள் போய்விட்டது. நான் கத்திய கத்தலில் சலேஹா மிஸ்ஸி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டு அவர் முகம் வெளிறியது, பிறகு கோபம் வந்தது. படித்தவள் செய்கிற வேலையா என்றார். எட்டு வாரத்தில் என்னை அவர் கோபித்துக்கொண்டது அன்று மட்டும்தான்.

திங்கட்கிழமை காலை இத்ரீஸுக்குக் காய்ச்சல் வந்தது.

முதுகில் ஊசி போட வேண்டும் என்று அவனுக்குச் சாப்பாடும் தண்ணீரும் நிறுத்தியிருந்தார்கள். டாக்டர்கள் வேறு அவசரத்தில் மாட்டிக்கொள்ள, பதினோரு மணிக்கென்றது நாலு மணிக்குப் போனது. அவன் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். அழவில்லை. ஒரே மாதிரி, மெல்லிய குரலில், உம்மா தண்ணி, உம்மா தண்ணி என்றான். தியா தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து நீட்டினாள். நான் அதைப் பிடுங்கி வைத்துவிட்டு, நடுவில் இருந்த திரையை இழுத்து விட்டேன். பிள்ளை பயந்துவிடுவாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அந்தக் காய்ச்சலை எனக்கு அடையாளம் தெரிந்தது. நம் பிள்ளையை விட்டுப் போனது அங்கே போயிருக்கிறது என்று தோன்றியது. டாக்டர்கள் ஓடி வந்து பன்னிரண்டாம் கட்டிலைச் சுற்றி நின்றபோது, நல்லவேளை, என் பிள்ளை இல்லை என்று ஒரு நிம்மதி வந்தது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது.

அவனைத் தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். புதன்கிழமை காலை மவுத்தாகிவிட்டான். பொருட்களை எடுத்துப்போக ஹாஜரா அக்காவும் கமாலுதீன் அண்ணனும் வந்தபோது நான் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். லாக்கர் திறக்கும் சத்தம் கேட்டது. தியா, உம்மா என்று கூப்பிட்டாள். பதில் ஏதும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம் வார்டைத் தாண்டிப் போகும்வரை குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். ஊரையெல்லாம் வாயால் வெட்டுகிறவளுக்கு அன்று வாசல் வரை வரத் தைரியம் இல்லை.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள். அந்தக் கட்டிலுக்கு ஏனோ யாரும் வரவில்லை. புது விரிப்பு போட்டு, தலையணையைத் தட்டி வைத்திருந்தார்கள். கம்பியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்களைச் சுரண்டி எடுத்தும் ஒரே ஒரு பேருந்து மட்டும் பாதி வராமல் நின்றுவிட்டது. தியா பிஸ்கட்டைக் கடித்தால் பாதியை அந்தப் பக்கத்துக்கென்று எடுத்துவைப்பாள். எறும்பு வருகிறது என்று நான் எடுத்தெறிவேன். மறுபடி வைப்பாள். இத்ரீஸ் வீட்டுக்குப் போய்விட்டான் என்று சொல்லியிருந்தேன்.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, நல்ல வெயில் நேரத்தில், வார்டு முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருந்தபோது, தியா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, இத்ரீஸ் தண்ணி கேக்குறான்."

அவன் வீட்டுக்குப் போயிட்டான்னு சொன்னேன்லடா என்றேன்.

"அப்ப ஏன் இங்க இருந்து கேக்குறான்?"

அவள் கை காட்டிய இடத்தை நான் பார்க்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு நர்ஸ்கள் மேசை வரை போய், டிவியைப் போடச் சொல்லி அங்கேயே நின்றேன். அன்று முதல் பதினோராம் கட்டிலில் எனக்கு நிம்மதியாக உட்கார முடியவில்லை. மத்தியானம் மூன்று மணியானால் காது தானாக அந்தப் பக்கம் போகும். மின்விசிறி ஓடும் சத்தத்துக்குள் ஒரு குரல் இருக்கிறதா என்று தேடும். இன்னொரு பயமும் வந்தது. தியா தூக்கத்தில் கூப்பிட்டால் 'உம்மா' என்றுதான் கூப்பிட்டாள். நான் 'என்னடா' என்று குனிந்தால் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிக்கொள்வாள். என் பிள்ளை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லாமல் போய்விட்டதென்று நினைத்தேன். விற்றவள் நான். தாயாக இருப்பவளோ, பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவள் பிள்ளையைக் கொண்டுபோனது, அவளுடைய இன்னொரு பிள்ளையையும் தேடி வந்தால் என்ன செய்வது?

இந்த நேரம் பார்த்து ரத்தம் அறுவைக்கு ஏற்றபடி முழுக்கத் தேறியது. செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அறுவை என்று உறுதியாகச் சொன்னார்கள். திங்கட்கிழமை மத்தியானம் டாக்டர் நூர் ஃபாத்திஹா சம்மதப் படிவத்தோடு வந்து உட்கார்ந்தார். இடது சிறுநீரகத்தைக் கட்டியோடு எடுப்பதைப் பற்றி, ரத்தம் ஏற்றுவதைப் பற்றி, என்னென்ன ஆகலாம் என்பதைப் பற்றிப் பொறுமையாகச் சொன்னார். பிறகு பேனாவைக் கொடுத்தார். தாயின் பெயர் என்ற இடத்தில் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது: லெட்சுமி த/பெ பிச்சைமுத்து. எட்டு வாரத்துக்குப் பிறகு என் பெயரை அங்கே பார்க்கிறேன். பக்கத்திலேயே தவிட்டுக்கு விற்று வாங்கப்பட்ட என் அப்பாவின் பெயர். அவரை வாங்கிவிட்டார்கள். நான் வாங்கவில்லை.

கை எழவில்லை. எனக்குச் சந்தேகம் என்று நினைத்து டாக்டர் மறுபடி முதலிலிருந்து விளக்கினார். ஐந்து மணிக்குள் போட்டுவிடுகிறேன், ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி எழுந்தேன். தியாவைப் பார்த்துக்கொள்ளும்படி சலேஹா மிஸ்ஸியிடம் கேட்டேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. எட்டு வாரத்தில் நான் வார்டை விட்டு இறங்கியது மூன்றே தடவைதான். போய்ட்டு வா என்று மட்டும் சொன்னார்.

ஹாஜரா அக்காவின் வீடு ஆயர் ஈத்தாமில், அந்தப் பஸ்ஸில் ஏறினேன். இந்தப் பாதையைத்தான் இத்ரீஸ் ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்வான். அடுத்து எந்த நிறுத்தம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பாசார் சந்தைப் பக்கத்தில் இறங்கி, மாட்டுக்கும் கோழிக்கும் தீனி விற்கும் சீனர் கடையில் தவிடு கேட்டேன். எத்தனை கோழி வைத்திருக்கிறாய் என்று மலாயில் கேட்டார். ஒன்றுதான் என்றேன். ஒரு கோழிக்கா என்று சிரித்துக்கொண்டே, இரண்டு கிலோவுக்குக் குறைவாகக் கொடுப்பதில்லை என்று பையைக் கட்டிக் கொடுத்தார். அந்தப் பையோடு ஹாஜரா அக்காவின் பிளாட்டுக்கு ஒன்பது மாடி ஏறினேன். லிப்ட் வேலை செய்தது. இருந்தும் படி ஏறிப் போகத்தான் தோன்றியது.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்து வியப்படையவில்லை. மெலிந்திருந்தாள்.

"வா. செருப்ப உள்ள விடு, வெளிய வச்சா காணாமப் போயிரும்."

உள்ளே விட்டேன். அங்கே ஏற்கெனவே ஒரு ஜோடிச் சின்னச் செருப்பு இருந்தது. சுவர் ஆணியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத பாலர் பள்ளிப் பை தொங்கியது. பையில் ஒரு பேருந்துப் படம். அவள் தேநீர் ஆற்றிக் கொண்டுவந்தாள். தியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நாளைக் காலை அறுவை என்றேன். அதன்பிறகு, வந்த காரியத்தைச் சொன்னேன். அவளைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்று தவிட்டுப் பையை மேசைமேல் வைத்தேன். வைத்தவுடன், பன்னிரண்டு நாள் அடைத்து வைத்தது எல்லாம் என் வாயிலிருந்து கொட்டியது.

"அவளுக்கு இருந்த காய்ச்சல்தான்கா உங்க கட்டிலுக்கு வந்திச்சு. நான் அன்னைக்கே வாங்கியிருந்தா வந்திருக்காது. ஆசப்பட்டு விட்டுட்டேன். நான் வித்ததுதான் இத்ரீஸைக் கொண்டு போயிருச்சு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அப்ப, என் புள்ள உன் புள்ளைக்குப் பதிலாப் போனான்னு சொல்றியா?"

நான் தவிட்டுப் பையின் முடிச்சை இறுக்கினேன்.

"அவன் மவுத்து அவனோடது. அவனுக்கு எழுதினது. மூணு மாசமா அவன் பட்டதெல்லாம் அவனுக்காகப் பட்டது லா. அதையும் உன் புள்ளைக்குன்னு வாங்கிட்டுப் போயிராத."

நான் மன்னிப்புக் கேட்க வந்ததாகத்தான் நினைத்திருந்தேன். பன்னிரண்டு நாளாக நான் பயந்ததும் அழுததும் என்னைச் சுற்றியே இருந்திருக்கிறது. செத்தது அவளுடைய பிள்ளை. அவனை என் கதைக்குள் இழுத்து, என் மகளுக்கு வந்ததைத் தடுத்த ஆளாக ஆக்கிவிட்டிருந்தேன். அவமானமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் இன்னொன்றையும் சொல்லாமல் போனால் அது என்னை விடாது என்று தெரியும்.

"அவன் தண்ணி கேட்டப்ப நான் திரைய இழுத்து விட்டேன்கா."

"தெரியும். இந்தப் பக்கம் நான்தானே உக்காந்திருந்தேன்." அந்தப் பள்ளிப் பையைப் பார்த்தாள். "எனக்கும் இழுத்து விடணும்னுதான் இருந்திச்சு. எனக்குத் திரை இல்ல."

நான் அழுதேன். அவள் அழவில்லை. என்னைத் தேற்றவும் இல்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, தவிட்டுப் பையை என் பக்கம் தள்ளினாள். இதை நான் வாங்க மாட்டேன் என்றாள். பிள்ளையைத் திருப்பித் தரமாட்டாளா, என்மேல் இருக்கும் கோபத்தைத் தியாமேல் வைத்துவிட்டாளா என்று என்னென்னவோ ஓடியது.

"இந்த விக்கிறது வாங்குறதெல்லாம் நான் நம்பல. ஆனா நீ கைய நீட்டிக் குடுத்த, நான் மடியில வாங்கினேன். அது விளையாட்டு இல்ல. அஞ்சு வேளையும் தொழுதுட்டு, என் புள்ளைன்னுதான் அவளுக்குக் கேக்குறேன். பெத்தவ கேட்டா அல்லாஹ் தட்ட மாட்டான்னு சொல்லுவாங்க. அவனுக்குக் கேட்டேன்." அங்கே நிறுத்தி, தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். "இப்ப இவளுக்குக் கேட்டுட்டு இருக்கேன். நடுவுல ஆள மாத்தாத. நாளைக்கு முடியட்டும்."

படிவத்தைப் பற்றிச் சொன்னேன். கை எழவில்லை என்றேன்.

"நான் போடச் சொன்னேன்னு போடு."

நாலே முக்கால் மணிக்குக் கையெழுத்துப் போட்டேன். சிவநேசன் வேலையிலிருந்து நேராக வந்தார். கட்டிலடியில் இருந்த தவிட்டுப் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அவரே அதைக் காலில் படாத இடமாக நகர்த்தி வைத்தார்.

காலை ஏழரைக்குத் தியாவைப் பச்சைச் சட்டை போட்டுத் தள்ளுகட்டிலில் படுக்க வைத்தார்கள். சலேஹா மிஸ்ஸி முன்னால் போனார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்தோம். அறுவைக் கூடத்தின் வாசலில், சுவரோடு ஒட்டினாற்போல் ஹாஜரா அக்கா நின்றிருந்தாள். இந்தக் கட்டடத்துக்குள் இனி அவள் கால் வைக்க மாட்டாள் என்று நான் நினைத்திருந்தேன். மகன் போய் இன்னும் முழுதாக இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அவளைப் பார்த்ததும் தியா எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"உம்மா."

உள்ளேயிருந்து வந்த ஊழியர், ஒருவர்தான் வரலாம், அம்மா மட்டும், மயக்கம் கொடுக்கும்வரை இருந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்றார். அந்தப் பத்து நிமிடத்துக்காகத்தான் நான் எட்டு வாரம் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவள் கண்ணை மூடும்போது கடைசியாகப் பார்க்கும் முகம் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று பிள்ளையார் முதல் எல்லோரிடமும் கேட்டிருந்தேன். தியாவின் கை என் கைக்குள் இருந்தது. விட மனமில்லை. ஒருவேளை அவள் திரும்பி வராவிட்டால் என்ற நினைப்பு வந்தது. அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கையை எடுத்து ஹாஜரா அக்காவின் கையில் வைத்தேன்.

அவள் என்னைப் பார்த்தாள். ஊழியர் சலேஹா மிஸ்ஸியைப் பார்த்தார். ஹாஜரா அக்காவைக் காட்டி, இது அம்மாதான் என்று சலேஹா மிஸ்ஸி சொன்னார். கதவு மூடியது. சிவநேசன் என் தோளைப் பிடித்தார். திட்டுவார் என்று நினைத்தேன், என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் ஹாஜரா அக்கா வெளியே வந்தாள். கையில் தியாவின் தலைக்குட்டை இருந்தது. அதை என் மடியில் வைத்துவிட்டு, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள்.

"தண்ணி கேட்டா. எந்திரிச்சதும் தாரேன்னு சொல்லியிருக்கேன்."

அதற்குப் பிறகு காத்திருந்தோம். நாலரை மணி நேரம். அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. என் உதடும் அசைந்தது. இடையில் ஒருமுறை அவள் எழுந்துபோய்ப் பக்கத்துத் தாழ்வாரத்தின் முனையில் இருந்த தீவிர சிகிச்சைக் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை. தானாகத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

பன்னிரண்டரை மணிக்கு டாக்டர் நூர் ஃபாத்திஹா தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். கட்டி உடையாமல் முழுசாக வந்துவிட்டது, பிள்ளை நன்றாக இருக்கிறாள், இன்னும் கொஞ்ச நேரத்தில் கண் விழிப்பாள் என்றார். சிவநேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

ஹாஜரா அக்கா எழுந்து என் முன்னால் வந்து நின்று கையை நீட்டினாள்.

"குடு."

வார்டிலிருந்து கொண்டுவந்து நாற்காலிக்கடியில் வைத்திருந்த தவிட்டுப் பையை எடுத்துக் கொடுத்தேன். முடிச்சை அவிழ்த்து உள்ளே பார்த்தாள். கோழித் தவிடா என்றாள். உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது.

"சரி. குடுத்துட்டேன். இனிமே உன் புள்ள."

இருங்கள் அக்கா, கண் விழித்ததும் உங்களைத்தான் கேட்பாள், தண்ணீர் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள் என்று அவள் கையைப் பிடித்தேன். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீ குடு."

லிப்ட் வரை கூடவே போனேன். பையின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினாள். லிப்ட் வந்தது. உள்ளே போய்த் திரும்பி நின்றவள், தவிட்டுப் பையை இடுப்பில் ஏற்றி வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். கதவு மூடியது.